ஏடு இல்லாத நாடகம்

நம் சங்கத்தின் ஆண்டு விழா நாடகம் இன்றி நிறைவு பெறுவதில்லை. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சிறுமியர் நடனம், பரிசளிப்பு எல்லாம் முடிந்து இரவு ஒன்பது மணி ஆன பின்னும் அன்பர்கள் எழுந்து போகாமல் அமர்ந்திருப்பது இறுதியில் வரும் நாடகத்திற்காகவே அன்றோ? சென்ற ஆண்டு அந்த நாடகம் நடைபெறாமலே போயிருக்க வேண்டியது. விழாவிற்கு 17 நாட்கள் இருக்கையில், முக்கிய வேடம் தாங்கவிருந்த நண்பருக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டது. எஞ்சியவர்கள் நானும், என்னை ஒத்த வயதினர் இருவரும், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஐவரும். நாடகப் பிரதியோ 42 பக்கம். இம்மும்பை நகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழ் பேச வரும். அச்சுத் தமிழ் படிக்க வராது. வசனத்தை நாகரி எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்தும் பயனில்லை. அவர்களுள் ஒருவன் முந்திய ஆண்டு மேடையில் ‘வாழ்க’ என்பதை ‘வால்க’ என்று சொல்லிவிட, அரங்கம் முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அன்று முதல் அவன் மேடைப்பக்கம் தலைவைப்பதில்லை. ஐவர் என்று நான் எண்ணிச் சொன்னதில் அவனையும் சேர்த்துக்கொண்டேனே தவிர, அவன் வருவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இந்நிலையில் நம் காலனியைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, “மாமா, பாடமே இல்லாமல் ஒரு நாடகம் போட்டால் என்ன?” என்று கேட்டாள். அடுத்த தெருவில் மராத்தி இளைஞர் சிலர் சனிக்கிழமை மாலைகளில் கூடி அவ்வாறு நடித்துப் பழகுகிறார்கள் என்றும், தானும் ஓராண்டாக அவர்களோடு சேர்ந்து நடிப்பதாகவும் சொன்னாள். ‘இது என்ன விளையாட்டு!’ என்று எண்ணினேன். ஆயினும் வேறு வழியின்றி அவளுடன் சென்றேன்.

அங்கே படுதா இல்லை, வேடம் இல்லை, பக்கத் தட்டியின் மறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர் இல்லை. நாற்காலிகள் இரண்டு மட்டும் கிடந்தன. ஓர் இளைஞர் கூடியிருந்தவர்களை நோக்கி, ‘ஓர் இடம் சொல்லுங்கள்’ என்றார். யாரோ ‘ரேஷன் கடை’ என்றார்கள். மறுகணமே அந்த வெற்றிடத்தில் ஒரு ரேஷன் கடை எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத தராசு தொங்கியது. கண்ணுக்குத் தெரியாத மண்ணெண்ணெய் சிந்தியது. வரிசையில் முந்தி நின்ற கிழவிக்கும் கடைக்காரருக்கும் மூண்ட வழக்கில் அனைவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். பத்து நிமிடத்தில் கடை மறைந்தது. எவரும் எழுதாத அந்த நாடகம் இனி எக்காலத்தும் மீண்டும் நடக்கப்போவதில்லை.

பிறகு என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். முப்பது ஆண்டு நாடக அனுபவம் உடையவன் என்ற இறுமாப்புடன் ஏறினேன். எதிரே நின்ற பையன், “காகா, அந்தக் குடையைக் கொடுங்கள், மழை வலுக்கிறது” என்றான். “என்னிடம் குடை ஏது? மழையும் இல்லையே!” என்றேன் நான். அவ்வளவுதான். நாடகம் அங்கேயே செத்தது. அவன் மழையைக் கொண்டுவந்தான். நான் வானத்தை மூடிவிட்டேன். இக்கலையின் முதல் விதி யாதெனின், உடன் நடிப்பவர் நீட்டுவதை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அதன்மேல் நம் பங்கிற்கு ஒன்று வைப்பது. வீட்டிற்கு வந்தவர் முன் வெற்றிலைத் தட்டை நீட்டினால் எடுத்துக்கொள்வதுபோல் இயல்பான செயல் இது. ஆயினும் எழுதிய வசனத்தையே நம்பி வாழ்ந்த எனக்கு இதைக் கற்க மூன்று சனிக்கிழமைகள் வேண்டியிருந்தன.

கற்கும் நாட்களில் இதன் வரலாற்றையும் தேடிப் படிக்கலானேன். இதை இக்காலத்து மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணியிருந்த எனக்கு வியப்பே மிஞ்சியது.

1545ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், இத்தாலி நாட்டுப் பதுவா நகரில், எட்டுப் பேர் ஓர் ஆவணப் பதிவாளர் முன் சென்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். ஊர் ஊராகச் சென்று நகைச்சுவை நாடகம் ஆடுவது அவர்கள் தொழில். மாஃபியோ என்பவர் தலைவர். அவர் சொற்படி மற்றவர் ஆட வேண்டும். ஒருவர் நோயுற்றால் பொதுப் பணத்திலிருந்து அவருக்கு உதவ வேண்டும். ஈட்டும் பணத்தை ஒரு பெட்டியில் இட்டு மூன்று பூட்டுப் போட்டு, மூன்று சாவிகளையும் மூவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். மூட்டைகளைச் சுமக்கப் பொதுச் செலவில் ஒரு குதிரை வாங்க வேண்டும். தங்களுக்குள் சீட்டாடலாகாது, தின்பண்டத்தைப் பந்தயமாக வைத்தால் மட்டும் ஆடலாம்!

இவ்வாவணத்தைப் படித்தபோது நம் சங்கத்தின் விதிகளே என் நினைவிற்கு வந்தன. பெட்டிக்கு மூன்று சாவி வைத்தவர்கள் மனிதரை நன்கு அறிந்தவர்கள். தொழில்முறை நாடகக் குழு ஒன்று சட்டப்படி அமைந்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. அக்காலத்துக் கழைக்கூத்தாடிகளையும் வித்தை காட்டுவோரையும் ஊரார் எவ்வாறு நடத்தினரோ அவ்வாறே இவர்களையும் நடத்தினர். அத்தகையோர் எட்டுப் பேர் ‘நாங்கள் உடன்பிறந்தார் போல் வாழ்வோம்’ என்று எழுத்தில் வைத்தது சிறிய செயல் அன்று. 1564இல் ரோமாபுரியில் எழுதப்பட்ட இன்னொரு ஒப்பந்தத்தில் லுக்ரேத்சியா என்னும் ஒரு பெண்ணின் பெயரும் காணப்படுகிறது. இங்கிலாந்தில் பெண் வேடத்தைச் சிறுவர்களே தாங்கிய காலம் அது.

இக்குழுக்கள் ஆடிய நாடகத்திற்கு ‘கொம்மேதியா தெல்லார்த்தே’ என்று பெயர். ‘ஆர்த்தே’ என்பது இங்கே தொழிலைக் குறிக்கும். தொழிலாகக் கொண்டோர் ஆடும் நாடகம் என்பது பொருள். இப்பெயர் பின்னாளில் வந்தது. முதலில் அதனை ‘உடனுக்குடன் ஆடும் நாடகம்’ என்றே அழைத்தனர். அந்நாடகத்திற்கு வசனம் கிடையாது. கதையின் எலும்புக்கூடு மட்டும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும்: இன்னார் வருகிறார், இன்னாரைக் காண்கிறார், சண்டையிடுகிறார், போகிறார். ஆட்டத்திற்கு முன் குழுத்தலைவர் நடிகர்களைக் கூட்டி அதைப் படித்துக் காட்டுவார். என்ன பேசுவது என்பது அவரவர் நாவின் பொறுப்பு. ஃபிளாமினியோ ஸ்காலா என்பவர் 1611இல் இத்தகைய 50 கதைக்கூடுகளைத் தொகுத்து அச்சிட்டார். அந்நூலில் கதைச் சுருக்கம் உண்டு, பாத்திரப் பட்டியல் உண்டு, மேடைக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலும் உண்டு. பேச்சு மட்டும் இல்லை.

பாத்திரங்கள் என்றும் மாறாதவர்கள். பணத்தாசை பிடித்த வெனிஸ் நகரத்து வணிகக் கிழவர் பந்தலோனே. வாயைத் திறந்தால் இலத்தீன் கொட்டும் பொலோஞா நகரத்துப் பண்டிதர். வாய்ச்சொல்லில் மட்டும் வீரரான தளபதி. பெர்கமோவிலிருந்து பிழைக்க வந்த பசித்த வேலைக்காரன் ஆர்லெக்கினோ. காதலர் இருவர் நீங்கலாகப் பெரும்பாலோர் முகமூடி அணிவர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பேச்சிலேயே பேசுவர். நம் மின்சார ரயிலில் ஒரு பெட்டியில் நெருக்கி நிற்கும் கூட்டத்தைப் போன்றதே இக்குடும்பம் எனலாம். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமற் போவதும், தப்பாக விளங்குவதும், அங்கே குறைகளாகக் கருதப்படவில்லை; பாதி நாடகம் அதிலிருந்தே பிறந்தது. ‘வால்க’ என்ற பிள்ளை அந்நாட்டில் அக்காலத்தில் பிறந்திருந்தால் அவனுக்கென்றே ஒரு வேடம் ஒதுக்கியிருப்பார்கள் போலும்.

எழுதாமல் ஆடினார்கள் என்பதால் ஆயத்தமின்றி ஆடினார்கள் என்று கருதலாகாது. கதையின் ஓட்டம் தளரும்போது இடையில் செருகுவதற்கென்று ‘லாத்சி’ எனப்படும் சிறு சிறு வேடிக்கைகளைப் பழகி வைத்திருந்தனர். பிற்காலத்தில் பாரிசில் ஆடிய ஆர்லெக்கினோ ஒருவர், கையில் நிறைந்த மதுக் கிண்ணத்துடன் குட்டிக்கரணம் அடித்து ஒரு துளியும் சிந்தாமல் நிற்பாராம். காதலர் வேடம் தாங்குவோர் காதலுக்கும் பிரிவுக்கும் பொறாமைக்கும் ஏற்ற சொற்றொடர்களைக் குறிப்பேட்டில் சேர்த்து மனப்பாடம் செய்திருப்பர். சங்கீதக் கச்சேரியில் வித்துவான் ராகத்தை விரிப்பது அன்றைய கற்பனைதான். ஆனால் அதன்பின் இருபது ஆண்டுச் சாதகம் நிற்கிறது. இதுவும் அத்தகையதே.

இக்கலையின் சிகரம் இசபெல்லா ஆந்திரேனி என்னும் அம்மையார். 1562இல் பிறந்த அவர் நடிகை மட்டும் அல்லர்; நாடகமும் கவிதையும் இயற்றி அச்சிட்டவர். 1589இல் புளோரன்ஸ் நகரில் மெடிசி அரசகுடும்பத் திருமணத்தின்போது அவர் காதலால் பித்துற்ற பெண்ணாக நடித்தார். பித்தின் உச்சத்தில் பல மொழிகளில் மாறி மாறிப் பேசியும், உடன் நடிக்கும் ஒவ்வொருவரின் பேச்சையும் அப்படியே நடித்துக் காட்டியும் அவையை மயக்கினார் என்று அவ்விழாவைக் கண்டவர் எழுதிவைத்துள்ளார். 1604இல் பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், கருவுற்றிருந்த நிலையில், லியோன் நகரில் இறந்தார். அந்நகரத்தார் அவரை மிகுந்த சிறப்புடன் அடக்கம் செய்தனர். தளபதி வேடத்தில் பெயர் பெற்றிருந்த அவர் கணவர் பிரான்சிஸ்கோ குழுவைக் கலைத்துவிட்டு மேடையை விட்டே விலகினார்.

லியோன் நகரத்தார் காட்டிய இச்சிறப்பு எத்தகையது என்பதை அறிய வேண்டுமாயின் மோலியேரின் முடிவை நினைக்க வேண்டும். இத்தாலியக் குழுவினருடன் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொண்டு, அவர்களிடம் பலவற்றைக் கற்றுக்கொண்ட பெரும் பிரெஞ்சு நாடகாசிரியர் அவர். 1673இல் அவர் இறந்தபோது, நடிகர் என்ற காரணத்தால், திருச்சபையார் அடக்கத்திற்கு இசைய மறுத்தனர். மன்னர் தலையிட்ட பின்னர் இரவு நேரத்தில், சடங்குச் சிறப்பு ஏதுமின்றி அடக்கம் செய்ய இடம் தந்தனர். மக்களைச் சிரிக்கவைத்தவர்களுக்கு உலகம் கொடுத்த கூலி பெரும்பாலும் இதுவே.

இருநூறு ஆண்டுக்காலம் ஐரோப்பா முழுவதும் சுற்றிய இந்நாடகம் எவ்வாறு மங்கியது? வெனிஸ் நகரத்துக் கார்லோ கொல்தோனியின் மேல் பழிபோடுவோர் உளர். சாக்கி என்னும் புகழ்பெற்ற ஆர்லெக்கினோ நடிகரின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1745இல் ‘இரு எசமானர்களின் வேலைக்காரன்’ என்ற நாடகத்தைச் சில காட்சிகள் மட்டும் எழுதி, மற்றவற்றை நடிகர் நாவிற்கே விட்டுக் கொடுத்தவர் அவர். பின்னர் மற்றவர்கள் அதில் கண்டபடி சரக்கைச் சேர்ப்பதைக் கண்டு மனம் நொந்து, 1753இல் முழுவதையும் தாமே எழுதி அச்சிட்டார். இடையில் ஒரே பருவத்தில் 16 நாடகங்கள் எழுதித் தருவதாகச் சூளுரைத்து அதை முடித்தும் காட்டினார். நியாயமாகப் பார்த்தால் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நல்ல நடிகன் கையில் அமுதமாக இருப்பது சோம்பேறியின் கையில் பழங்கஞ்சி ஆகிவிடும். ஒரே வேடிக்கையை நூறு முறை கண்ட மக்கள் எத்தனை நாள் சிரிப்பார்கள்?

ஆசிரியரின் மானம் ஒரு காரணம் என்றால், அரசாங்கத்தின் அச்சம் மற்றொரு காரணம். எழுதிய நாடகத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்து வெட்டலாம். எழுதாததை எவ்வாறு வெட்டுவது? இங்கிலாந்தில் 1737 முதல் 1968 வரை, நாடகப் பிரதியை அரண்மனை அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற்றாலன்றி மேடையேற்ற இயலாது. 1958இல் ஜோன் லிட்டில்வுட் அம்மையாரின் குழுவினர், அனுமதி பெற்ற பிரதியில் இல்லாத வசனங்களை மேடையில் பேசிவிட்டார்கள் என்று வழக்குமன்றம் ஏற்றப்பட்டு அபராதம் செலுத்தினர். பொதுக் கழிப்பறை ஒன்றைச் சர்ச்சில் பெருமகனார் திறந்துவைப்பதாக ஒரு நடிகர் அவர் குரலில் பேசியதும் அக்குற்றங்களுள் ஒன்று! நம் நாட்டிலும், வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டிக் கல்கத்தாவில் ஆடப்பட்ட ஒரு கேலி நாடகத்தைக் கண்டு வெகுண்ட ஆங்கில அரசு, 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைப் பிறப்பித்தது.

இனி அமெரிக்காவிற்குச் செல்வோம். சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவர் தோழியும் 1889இல் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ என்னும் தொண்டு நிலையம், பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டு ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் அமைந்திருந்தது. அங்கே நெவா பாய்டு என்பவர் குழந்தை விளையாட்டுக்களைக் கொண்டே கல்வி புகட்டும் முறையைப் பயிற்றுவித்தார். அவரிடம் 1920களில் பயின்றவர் வயோலா ஸ்போலின். ரஷியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1906இல் சிகாகோவில் பிறந்தவர். 1939 முதல் ஓர் அரசாங்க வேலைத் திட்டத்தின் கீழ் அந்நகரத்துப் பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் நாடகம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் முன் நின்றவர்களோ பல நாட்டவர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி பேசுபவர்கள். வசனத்தைக் கொடுத்து ‘உருப்போடு’ என்றால் நம் காலனிப் பிள்ளைகளைப்போலவே விழிப்பார்கள்.

ஆகவே அவர் வசனத்தை விட்டு விளையாட்டைப் பிடித்தார். ஒருவர் கண்ணாடி முன் நிற்பதுபோல் அசைய, எதிரே நிற்பவர் பிம்பமாக அசைவது. பொருளற்ற ஒலிகளைக் கொண்டே ஒரு செய்தியை உணர்த்துவது. இல்லாத கயிற்றை இரு கட்சியாக நின்று இழுப்பது. ‘எங்கே, யார், என்ன செய்கிறார்’ என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் நாடகம் தானே நடக்கும் என்றார். கயிறு இழுக்கும் பிள்ளைக்கு வெட்கப்பட நேரம் ஏது? ‘நன்றாக நடித்தாய்’ என்ற புகழ்ச்சிக்காக ஏங்குவதும், ‘மோசம்’ என்ற இகழ்ச்சிக்கு அஞ்சுவதும் நடிப்பைக் கெடுக்கும் இரட்டை நோய்கள் என்பது அவர் கருத்து. இருநூறுக்கு மேற்பட்ட விளையாட்டுக்களைத் தொகுத்து 1963இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இக்கலைஞர்களின் கைநூலாக விளங்குகிறது. 1994இல் மறைந்தார்.

அவர் மகன் பால் சில்ஸ் தாயின் விளையாட்டுக்களைப் பெரியவர்களின் மேடைக்குக் கொண்டுவந்தார். பழைய இத்தாலிய நாடகத்தில் மனம் பறிகொடுத்து, உழைப்பாளி மக்களுக்கென ஓர் அரங்கம் வேண்டும் என்று கனவு கண்ட டேவிட் ஷெப்பர்டு என்பவருடன் சேர்ந்து, 1955 ஜூலையில் சிகாகோ பல்கலைக்கழகத்தை அடுத்த ஒரு மதுக்கடையில் ‘காம்பஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். அன்றைய செய்தித்தாளை நடித்துக் காட்டுவது, கதைக்கூட்டை வைத்து ஒரு நாடகம் ஆடுவது, பார்வையாளர் சொல்லும் பொருளை வைத்து அங்கேயே காட்சி அமைப்பது என்பன அவர்கள் நிகழ்ச்சிகள். கனவு கண்டது உழைப்பாளிகளுக்காக. வந்து அமர்ந்தவர்களோ பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார்! சில்ஸ் மேலும் இருவருடன் சேர்ந்து 1959 டிசம்பர் 16ஆம் நாள், முன்பு சீனர் ஒருவரின் சலவைக்கடையாக இருந்த கட்டடத்தில் ‘செகண்டு சிட்டி’ என்னும் அரங்கைத் திறந்தார். ‘இரண்டாம் நகரம்’ என்பது நியூயார்க்கு இதழாளர் ஒருவர் சிகாகோவை ஏளனம் செய்து எழுதிய தொடர். இகழ்ச்சியையே பெயர்ப்பலகையில் எழுதித் தொங்கவிட்ட துணிவை என்னென்பது! இங்கிலாந்தில் இதே முறையைத் தனியே கண்டு வளர்த்த கீத் ஜான்ஸ்டன் என்பவர் பின்னர் கனடாவில் குடியேறி, இரு கட்சிகள் போட்டியிட்டு நடிக்கும் நாடகப் பந்தயத்தை உருவாக்கினார். அவர் 2023இல் காலமானார்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒத்திகை நடக்கும் கூடத்தில் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நம் காலனியின் மூத்த அம்மையார் ஒருவர் பேரனை அழைத்துப்போக வந்தவர், சுவரோரம் அமர்ந்து அரைமணி நேரம் பார்த்தார். பிறகு, “இதுக்கா இத்தாலி வரைக்கும் போனே? இது எங்க ஊர்ப் பபூன் செய்யறதுதானேப்பா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர் அவர். அவர் சொன்னது ஸ்பெஷல் நாடகத்தை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களின் பாடல்களும் கதைப்போக்கும் நடிகர் அனைவருக்கும் பாடம். ஆகவே கோவில் திருவிழாவிற்கு ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், பபூனை மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே அமர்த்துவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம் நடக்கும். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் யாரை மடக்குவார் என்பது அவ்விருவருக்குமே முன்கூட்டித் தெரியாது. முதலில் தனியாக வந்து, கைக்குழந்தை அழும் கூட்டத்தைத் தன் வாயால் கட்டி நிறுத்த வேண்டியவன் பபூன். ஊர்ப்பெயரைக் கேட்டு, நாட்டாண்மையைக் கேட்டு, அவ்வூர்க் குளத்தையும் பேருந்தையும் பேச்சில் இழுத்துக்கொள்வான். அவனுக்கும் முன்னோன் தெருக்கூத்துக் கட்டியக்காரன். திரைக்குப் பக்கத்தில் நின்று, ‘நீர் யார், எங்கிருந்து வருகிறீர்’ என்று துரியோதனனையே கேள்வி கேட்டுக் கேலி பேசும் உரிமை உடையவன்.

பெரிய நடிகரான எம். ஆர். ராதா காலையில் செய்தித்தாளில் கண்டதை இரவில் வசனமாக்கிவிடுவார் என்பதை மூத்த அன்பர்கள் அறிவர். 1954இல் சென்னை அரசு நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது எல்லோருடைய பேச்சிலும் அடிபட்டது அவர் பெயரே. நாம் வாழும் இம்மராட்டிய மண்ணிலும் தமாஷாவின் ‘பதாவணி’ என்னும் பகுதி முழுதும் வாய்வீச்சே. 1965இல் மேடையேறிய வசந்த் சப்னீசின் ‘விச்சா மாஜி புரி கரா’ நாடகத்தில் தாதா கோண்ட்கே அன்றாட அரசியலை அன்றன்றே நுழைத்துப் பேசியதை என் மராத்தி நண்பர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இருந்தும் நமக்கு இது மறந்துபோயிற்று. நம் காலனி நாடகங்கள் சுகுணவிலாச சபையின் வழிவந்தவை. 1891இல் சென்னையில் அச்சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், வழக்கறிஞர்களையும் பட்டதாரிகளையும் மேடையேற்றி, எழுதிய நாடகம், ஒழுங்கான ஒத்திகை, குறித்த நேரம் என்னும் நெறிகளை வகுத்து நாடகத்திற்கு மதிப்பைத் தேடித் தந்தார். அவர் செய்த தொண்டு அளவிடற்கரியது. ஆனால் அந்த மதிப்பு வீட்டு முன்வாசலுக்கு வந்தபோது, பபூன் கொல்லைப்புறமாக வெளியேறினான்.

ஏன் இவ்வாறு சொல்கிறேன் எனில், அந்த அம்மையார் அன்று இன்னொன்றையும் சொன்னார். அவருடைய பெரியப்பா ஸ்பெஷல் நாடகத்தில் பபூனாக இருந்தவராம். திருமணமாகி இந்நகருக்கு வந்து ஐம்பத்தாறு ஆண்டுகளாகியும் கணவரிடமோ பிள்ளைகளிடமோ இதை அவர் சொன்னதில்லை. ‘கூத்தாடி வீடு’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். பெண்பார்க்க வந்த அன்று பெரியப்பாவை ஊரிலேயே இருக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். “அவர்தான் என்னைத் தோள்ல வச்சுத் தூக்கினவர். ஒண்ணும் சொல்லாமப் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்” என்றார். கூடத்தில் எவரும் பேசவில்லை. மோலியேரை இரவில் அடக்கம் செய்த கதையை நான் அப்பொழுதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அம்மையார் ஒத்திகைக்கு வந்தார். ஒத்திகை என்பதும் பொருந்தாத சொல், விளையாட்டு எனலாம். கூட்டம் சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டதற்கு, “சிரிக்கலேன்னா அதையே சொல்லிக் கேலி பண்ணு. ஆனா யாரையும் அழவிடாதே; முதல்ல உன்னைக் கேலி பண்ணிக்கோ, அப்புறம் ஊரை” என்றார். பெரியப்பாவிடம் கேட்டறிந்த பாடம் அது. ‘வால்க’ என்ற பிள்ளை முதல் நாள் வாசலில் நின்றான். மூன்றாம் நாள் கயிறு இழுக்கும் விளையாட்டில் ஓர் ஆள் குறைந்தபோது தானே உள்ளே வந்து பிடித்தான்.

விழா நாளன்று மேடையில் இரண்டு நாற்காலிகள் மட்டும் போட்டிருந்தோம். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அப்பிள்ளைதான் முதலில் வந்தான். வந்து நின்று, “வால்க, வால்க, எல்லாரும் வால்க! ஒழுங்காச் சொல்றவங்க கையைத் தூக்குங்க, மேடைக்கு வாங்க” என்றான். அரங்கம் அதிர்ந்தது. சென்ற முறை சிரித்ததும் இதே கூட்டம்தான், இதே சொல்லுக்குத்தான். ஆனால் சிரிப்பு வேறு. கையைத் தூக்கிய பெரியவர் ஒருவரை உண்மையிலேயே மேடைக்கு இழுத்துவந்து, தண்ணீர் லாரி வரிசையில் நிறுத்தி, ஒரு குடம் கூடக் கொடுக்காமல் கால்மணி நேரம் காக்கவைத்தான். அவன் பேசியது பாதி தமிழ், கால் மராத்தி, கால் இந்தி. குறைகளும் இருந்தன. இரண்டாவது காட்சி எங்கும் செல்லாமல் நின்றுவிட்டது. நான் ஒருமுறை பழைய வழக்கப்படி மறுத்துப் பேசி ஒரு பெண்ணின் நல்ல கற்பனையைக் கெடுத்தேன்.

இறுதிக் காட்சிக்கு அவன் அவையை நோக்கி, “ஒரு தொழில் சொல்லுங்க” என்று கேட்டான். ‘டாக்டர்’, ‘கண்டக்டர்’, ‘மந்திரி’ என்று குரல்கள் எழுந்தன. முதல் வரிசையில் மகனுக்கும் மருமகளுக்கும் இடையில் அமர்ந்திருந்த அம்மையார் எழுந்து நின்று, “பபூன்னு போடுப்பா. எங்க பெரியப்பா பார்த்த தொழில்” என்று உரக்கச் சொன்னார். மகன் திரும்பித் தாயைப் பார்த்தார். மேடையில் நின்ற பையன், “பாட்டி, உங்க பெரியப்பா எப்படி நடப்பார்?” என்று கேட்டான். அவர் அங்கே நின்றபடியே, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நான்கு அடி நடந்து காட்டினார்.

இவ்வாண்டு மலரில் அப்பெரியவரின் பெயரை வெளியிடலாமா என்று அம்மையாரிடம் கேட்டேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, பெயர் இப்போதைக்கு வேண்டாம், பேரப் பிள்ளைகளிடம் முதலில் தாமே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை மாலைகளில் ஆறு மணி முதல் எட்டு மணி வரை நம் சமூகக் கூடத்தில் விளையாட்டு தொடர்ந்து நடைபெறுகிறது. வர விரும்பும் அன்பர்கள் பேனாவும் காகிதமும் எடுத்து வரவேண்டியதில்லை.